கூட வந்த கோழி

மூன்றாவது முறையும் கோழி நழுவிவிட்டது. மனோஜ்குமார் சேற்றில் குப்புற விழாத குறையாகக் கையை ஊன்றி எழுந்தான். அவன் தங்கை புருஷன் கவின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் மறித்து நின்றான். செவலைக் கோழி அவன் கால்களுக்கு நடுவிலேயே புகுந்து, கொய்யாமரத்தைச் சுற்றிக்கொண்டு, பாத்திரம் விளக்கும் கல்லின் மேல் ஏறி நின்று இருவரையும் திரும்பிப் பார்த்தது.

இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமிக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி பொற்கொடி பார்த்திருந்தால் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்திருப்பாள். அவள் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பூசிய முகத்தோடு படுத்திருந்தாள்.

காலையில் ஆறரை மணிக்குப் பால் அடுப்பில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆம்புலன்ஸ் பல்லடம் ரோட்டிலிருந்து திரும்புவதற்குள் போய்விட்டாள். ஐம்பத்துநான்கு வயது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்ததை மத்தியானம்வரை யாரும் துடைக்கவில்லை.

காளிச்சாமியின் அக்கா நாச்சியம்மாள் அந்தியூரிலிருந்து பத்து மணிக்கே வந்து சேர்ந்தார். பெட்டியின் மேல் விழுந்து அழுது முடித்தார், மூக்கைச் சிந்தினார், உடனே தம்பியைத் தனியே கூப்பிட்டார்.

"சனிக்கெழமைல போயிருக்கறா, சாமி. ஊட்டுக்கோழி ஒண்ணு கட்டி அனுப்போணும். உள்ள வயித்துப்புள்ளக்காரி வேற இருக்கறா."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சனிக்கிழமை போகிறவர் கூட ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வார், பிணத்தோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்பினால் அந்தத் துணை அதோடு முடிந்துவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காளிச்சாமி நாள் நட்சத்திரம் பார்க்கிறவரில்லை. ராகுகாலத்தில் தறியை ஓடவிட்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறவர். ஆனால் மகள் அக்ஷயாவுக்கு இது ஏழாம் மாதம். பிணத்தைப் பார்க்கக் கூடாதென்று பெண்கள் அவளைப் பின்னறையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். "சரிங்க்கா" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் வினை. மனோஜ்குமார் கோழிக்கூண்டுக் கதவை அகலத் திறந்துவிட்டான். ஒன்பது நாளாக மழை. இப்படிப்பட்ட நாட்களில் பொற்கொடி கொல்லையில் காய்ந்த தேங்காய் நார் மஞ்சியைப் பரப்பாமல் ஒரு கோழியையும் கீழே இறக்க மாட்டாள். கால் ஈரமானால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் ஒன்று மற்றதற்குக் கொடுக்கும் என்பாள். இப்போது ஏழு கோழிகளும் சகதியில் நனைந்து திரிந்தன.

"அப்பா, இதென்னங்கப்பா வம்பு," என்றான் மனோஜ்குமார் மூச்சு வாங்க. "பல்லடத்துல கோழிக்கா பஞ்சம்? பத்து நிமிசத்துல கறிக்கடைல ஒண்ணு வாங்கியாந்தர்றேன்."

"அது எப்பிடியும் சாகறதுக்குன்னே வளர்ந்ததுடா," என்றார் நாச்சியம்மாள் வாசற்படியிலிருந்து. "அதைக் கட்டி என்னத்துக்கு ஆவுது? இந்த ஊட்டுச் சோறு தின்னதாத்தான் இருக்கோணும்."

மூன்று மணிக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தது. மணி ஒன்றாகிவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போயிக் கால் கழுவுங்க," என்றார் காளிச்சாமி. "நான் புடிக்கறேன்."

எப்படிப் பிடிப்பதென்று அவருக்கும் தெரியாது. பொற்கொடி கோழி வளர்க்கத் தொடங்கிய இந்த எட்டு வருஷத்தில் ஒரு கோழியையும் அவர் தொட்டதில்லை. கோழிகளைப் பற்றிச் சண்டை போடுவதோடு அவர் வேலை முடிந்தது.

சண்டை முக்கால்வாசி கீரைக்காகத்தான். மழைக்காலத்தில் வெளியே மேய முடியாத கோழிக்குப் பச்சை வேண்டும் என்று, காலி பெயின்ட் வாளிகளில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் விதைத்து, மேலே பழைய தார்ப்பாய் கட்டி, சாரல் படாமல் வளர்த்தாள். வேலியோரம் அகத்தி தனி. பறித்த கீரையை ஈரத்தோடு போட்டால் கோழிக்குக் கழிச்சல் வருமாம். அதனால் ஹாலில் ஒரு பழைய பெட்சீட்டை விரித்து, கீரையைப் பரப்பி, ஃபேனை ஐந்தில் வைத்துவிடுவாள். அவர் சாப்பிட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தால் ஃபேனுக்கடியில் கீரை படுத்திருக்கும்.

"ஏம்புள்ள, நான் எங்க போயி ஒக்கார்றது?"

"சித்த நேரம் வாசல்ல காத்து வாங்குங்க மாமா. இது காயட்டும்."

அவள் மேல் அவருக்கு ஆசை அதிகம். அதைச் சண்டையாகச் சொல்லியே முப்பது வருஷம் பழகிவிட்டார். அவளும் அதைச் சண்டையாக எடுத்துக்கொண்டதில்லை.

நேற்று ராத்திரியும் கீரை பரப்பியிருந்தாள். காலையில் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று யாரோ பெட்சீட்டோடு சுருட்டி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். காளிச்சாமி குனிந்து அதை இழுத்தெடுத்தார். நன்றாகக் காய்ந்து, தொட்டால் மொடமொடவென்று இல்லாமல், அவள் எப்போதும் கேட்கிற பதத்தில் இருந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டார்.

பின்வாசலில் குடை இருந்தது. குடையை விரித்தால் கோழி மிரளும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆணியில் அவளுடைய கொங்காடை தொங்கியது. உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது. மகன் கோயமுத்தூரில் நல்ல ரெயின்கோட் வாங்கிக் கொடுத்தும் அவள் இதைத்தான் மாட்டுவாள். காளிச்சாமி அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுக் கொல்லையில் இறங்கினார்.

"பா... பா... பா..."

குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆனால் சாக்கைப் பார்த்ததுமே கோழிகள் தலையைத் தூக்கின. கொய்யாமரத்தடியிலிருந்து ஒன்று, வாளிகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு, எல்லாம் ஓடி வந்தன. இவ்வளவு நேரம் இரண்டு வாலிபர்களைச் சேற்றில் உருட்டிய செவலை, கல்லிலிருந்து குதித்து நேராக வந்து, அவர் காலடியில் நின்று, அண்ணாந்து பார்த்தது. கீரையை நீட்டினார். கையிலேயே கொத்தித் தின்றது. மற்றொரு கையால் வயிற்றுக்கடியில் ஏந்தித் தூக்கினார். அது சிறகைக்கூட அடிக்கவில்லை. அவர் முழங்கையில் வாகாக உட்கார்ந்துகொண்டது.

நனைந்த இறகுக்கு உள்ளே அனலாக இருந்தது. நெஞ்சு படபடவென்று அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. அவளென்று நினைத்துத்தான் இது வந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தபோது, கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் வேஷத்தைப் போட்டுக்கொண்டு அவள் கோழியை ஏமாற்றிப் பிடித்தாயிற்று. இனி இதன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

பின்னறை ஜன்னலில் அக்ஷயா நின்றிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அப்பா," என்றாள். "அதைக் கட்டப்போறீங்களா?"

"உனக்காகத்தான், அம்மணி."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமாத்தான் இருக்குதுங்கப்பா. இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா அம்மா மழைல நனைஞ்சுட்டு அதைத் தொடைச்சு வெச்சவங்க. அம்மா பக்கத்துல அதைத் தலகீழாத் தொங்க விட்டா, எப்பிடிப் பாத்துட்டு இருப்பாங்க?"

காளிச்சாமி கோழியோடு வாசலுக்கு வந்தார். கவின் சணல் கயிற்றோடு தயாராக இருந்தான்.

"கயிறு வேண்டாம் மாப்ள." அக்காவைப் பார்த்தார். "தொணைக்குத்தானுங்க்கா கோழி? நான் கையில வெச்சுட்டுக் கூட வாரேன். கட்டுனாத்தான் தொணையா?"

"இப்பிடியொரு மொறை எங்கயும் இல்லீடா."

"இன்னைக்கு இருக்கட்டுங்க்கா."

நாச்சியம்மாள் படியிறங்கி வந்தார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கோழியை இடுக்கிக்கொண்டு, சேற்றுக்காலோடு நின்ற தம்பியை மேலும் கீழும் பார்த்தார். என்ன தோன்றியதோ, முந்தானையால் கோழியின் முதுகைத் துடைத்துவிட்டார். "என்னமோ பண்ணு. ஆனா ஒண்ணு, அது திரும்பி ஊட்டுக்கு வரக்கூடாது."

வண்டியில் பொற்கொடியின் பக்கத்துச் சீட்டில் காளிச்சாமி உட்கார்ந்தார். கோழி அவர் மடியில். வழியெல்லாம் மழை. மேட்டில் வண்டி குலுங்கியபோது ஒரு கையால் பெட்டியையும் ஒரு கையால் கோழியையும் பிடித்துக்கொண்டார்.

மயானத்து ஊழியர் வாசலிலேயே தடுத்தார். "ஏனுங்க, கோழியெல்லாம் உள்ள கொண்டு போகக்கூடாதுங்க. கட்டியாந்தா இங்கயே எங்ககிட்டக் குடுத்துருவாங்க."

"நான் இப்பிடி வாசப்படிலயே நின்னுக்கறனுங்க."

படியில் நின்றுதான் பார்த்தார். மகன் தோளில் துண்டோடு சுற்றி வந்தான். சூடம் ஏற்றினார்கள். கதவு மேலே போனது, தள்ளினார்கள், கதவு இறங்கியது. அவ்வளவுதான். காளிச்சாமி கோழியை இறுக்கிவிட்டார் போலிருக்கிறது, அது மெல்ல முனகியது.

வெளியே வந்த மனோஜ்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதை இந்த அண்ணன்கிட்டக் குடுத்துருங்கப்பா," என்றான். ஊழியரும் வழக்கப்படி கையை நீட்டினார்.

காளிச்சாமி கொடுக்கவில்லை. போனை எடுத்து ஒரு கையால் தடவித் தடவி அக்ஷயாவைக் கூப்பிட்டார்.

"முடிஞ்சுதுங்களாப்பா?"

"ம்." கோழியை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "அம்மணி, கோழி கையிலதான் இருக்குது. அத்தை ஊட்டுக்குக் கொண்டாரக்கூடாதுங்கறா. நீ சொல்லு. நீ வேண்டாம்னா இங்கயே குடுத்துர்றேன்."

அக்ஷயா மூக்கை உறிஞ்சினாள். "அது எங்க வரைக்கும் போச்சுங்கப்பா?"

"நான் போன வரைக்கும் வந்துச்சு."

"அப்ப நீங்க திரும்பி வரீங்கள்ல? அதையும் கூட்டிட்டு வாங்க."

ஊழியர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, சாம்பல் வாங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அந்த பெஞ்சில் உட்காருங்கள் என்று காட்டினார். காளிச்சாமி வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சாக்கின் ஓரத்தை இழுத்துக் கோழியின் மேல் மூடினார். அவருடைய இடது தோள் நனைந்தது. கோழி சாக்குக்கு வெளியே கழுத்தை நீட்டி எங்கோ உயரத்தில் பார்த்தது. அவரும் நிமிர்ந்தார். மழைக்கு நடுவே மயானத்துப் புகைபோக்கியிலிருந்து புகை எழும்பத் தொடங்கியிருந்தது.

அவர் கோழியின் முகத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.