அட்டைச் சாவி

தொண்டு நிறுவன அலுவலக மூலையில் ஆளுயர அட்டைச் சாவி ஒன்று சாய்ந்து நின்றது. வீடற்றவர்களுக்கு அறை கொடுக்கும் விழாவில் அதைப் பிடித்துக்கொண்டு மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். போட்டோ எடுத்தாயிற்று என்றால், அறைக்குப் போனவர் செத்தாரா பிழைத்தாரா என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் களப்பணியாளர் பெண்ணுக்கு எரிச்சலாக வரும்.

"நாம ரூம் குடுத்த அந்த மூட்டைக்காரர், ரூமை விட்டுட்டுப் படிக்கட்டுல படுக்கிறாராம். அக்கம்பக்கத்துல புகார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? போய் சாவியை வாங்கிட்டு வாங்க. அடுத்த விழாவுக்கு வேற ஆள் இருக்கு," என்றார் மேலாளர்.

"ரூம்ல குடிவச்சப்புறம் அடிக்கடி போய்ப் பார்க்கணும்னு கேட்டேனே சார், நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"சாவி குடுத்தாச்சுல்ல? நம்ம வேலை முடிஞ்சுது."

மூட்டைக்காரர் பல வருடங்கள் தன் ஒற்றை மூட்டையோடு பேருந்து நிலையத்தில் படுத்தவர். அவள் போனபோது, மூட்டையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் கட்டில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. புது அடுப்பின் அட்டைப் பெட்டிகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏன் ஐயா உள்ள படுக்கல?"

"அந்தக் கட்டில்ல படுத்தா கதவு தலைக்குப் பின்னால போயிடுதும்மா. எவன் எப்ப வந்து எட்டி உதைப்பான்னு பார்த்துக்கிட்டே தூங்கின உடம்பு. கண்ணை மூட முடியல."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"யாரு கேட்டா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை வந்து கேட்கச் சோம்பல்பட்டு ஒரு மனிதரை மறுபடி தெருவில் தள்ளவா பார்த்தார்கள்? சீ, என்ன பிழைப்பு இது!

இருவருமாகக் கட்டிலைக் கதவு தெரியும்படி இழுத்துப் போட்டார்கள். அடுப்பைப் பிரித்து, பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தாள். பக்கத்து வீட்டாரிடமும் அவரை அழைத்துப் போய் அறிமுகம் செய்தாள். திரும்பி வந்து கட்டிலில் படுத்தவர், கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

"சாவி எங்க?" என்றார் மேலாளர், அவள் வெறுங்கையோடு திரும்பியதும்.

அவள் மூலையிலிருந்த அட்டைச் சாவியைத் தூக்கி அவர் மேசைமேல் போட்டாள்.

"உங்க சாவி இதோ. அவரோடது அவர்கிட்டயே இருக்கட்டும். ரூமுக்குள்ள தள்ளிட்டுக் கையை உதறிக்கிறதுக்குப் பேர் உதவி இல்ல சார். அந்த இடம் தன்னோடதுன்னு அவங்க மனசு நம்பற வரைக்கும் கூட நிக்கணும். நாளைக்கும் நான் அங்கதான் போறேன்."

மேலாளரின் பல் அன்று வெளியே தெரியவே இல்லை.