சட்டைப்பைத் தூள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கல்லைப் பற்றிய கதைதான். ஆனால் பல்லை உடைக்காது.

கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிற ஒருவனுக்கு மூன்று வாரமாக வறட்டு இருமல். அவன் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவள் அவள். அங்கே ஆசிரியை சொன்ன ஒன்று முள்ளாய்த் தைத்திருந்தது: சுண்ணாம்புக்கல் தூசி அவ்வளவாகக் கெடுக்காது, சமையல் மேடைக்குப் போடும் குவார்ட்ஸ் கல்லைத் தண்ணீர் விடாமல் அறுத்தால், அந்தத் தூசி நுரையீரலில் குடியேறும், காலி செய்யாது.

"ஏங்க, என்ன கல்லு அறுக்கறீங்க?"

"சுண்ணாம்புக் கல்லுதான், டாக்டரம்மா. கொண்டு வரேன், சோதிச்சுக்கோ."

மறுநாள் ஒரு துண்டு வந்தது. கத்தியால் சுரண்டி வினிகர் விட்டாள். சுண்ணாம்புக்கல் என்றால் நுரைக்கும்; நுரைத்தது.

"பாத்தியா? இனியாவது நிம்மதியா இரு." சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவளோ மூடிய பாத்திரத்தையே திறந்து திறந்து மூடினாள். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். கடைசியில் துவைக்கலாமென்று அவன் வேலைச் சட்டையை எடுத்துப் பையைப் புரட்டினாள். தையலோரம் வெள்ளைத் தூள். வினிகர் விட்டாள். ஒரு குமிழிகூட இல்லை. ஈரத் துணியில் தூளை ஒற்றி முகம் பார்க்கும் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தாள். கீறல் கீறலாய் விழுந்தது. அவன் கொண்டுவந்த துண்டைத் தேய்த்தாள். வெள்ளைத் தடம்தான், துடைத்ததும் போய்விட்டது.

குளித்துவிட்டு வந்தவன் கேட்டான்: "கண்ணாடியில என்ன கீறல்?"

"உங்க சட்டைப்பை போட்டது. அந்தத் துண்டு ஏது?"

அவன் தலை கவிழ்ந்தது. "பட்டறை வாசப்படியில உடைஞ்சு கிடந்தது. நீ பயப்படுவியேன்னுதான்..."

"பயப்படறது நான். இருமறது யாரு?"

"தண்ணி விட்டு அறுக்கணும்னு கேட்டா, வேற வேலை பாருன்னுடுவாரு முதலாளி."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவன் ஈரத் தலையைத் துவட்டப் போனான்.

காலையில் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனோடு பட்டறைக்கே போனாள். முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஐயா, கண்ணாடியே இந்தப் பாடு படுது. நெஞ்சுக்குள்ள இருக்கறது வெறும் சதைங்க."

கீறலுக்கு நடுவே தன் முகத்தைப் பார்த்த முதலாளிக்கும் இருமல் வந்தது. "ரெண்டு நாள் பொறும்மா. தண்ணிக் குழாய் இழுத்துடறேன்."

"அதுவரைக்கும் இவர் மெஷினைத் தொட மாட்டார்."

நேராக மருத்துவமனை. எக்ஸ்ரே எடுக்கும் வரிசையில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் தன் கையை அவள் முழங்காலில் வைத்தான். கையும் சேர்ந்து ஆடியது.

"நுரையீரல்ல லேசாத்தான் பட்டிருக்கு. இனி அந்தத் தூசி ஒரு நாள்கூட ஆகாது," என்றார் மருத்துவர்.

இப்போதும் அவன் ஒருமுறை செருமினால் போதும், அவள் எழுந்துவிடுவாள்.

உங்கள் வீட்டில் கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் விழட்டும், கண்ணுகளா; யார் மூச்சிலும் விழாமல் இருக்கட்டும்.