மேற்பார்வையாளரின் முகம்

முதல் தடவை அவரை மலை உச்சியிலிருந்து குதிக்க வைத்தபோது அவள் மதியம் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தம்பியின் கையடக்க விளையாட்டுக் கருவியை மடியில் வைத்து, இடது பக்கக் குமிழைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளினாள். சின்னத் திரையில் அவர் பாறை விளிம்பு வரை நடந்தார். அங்கே ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கம் விளையாட்டை உருவாக்கியவர்கள் வைத்ததுதான். ஆனாலும் அவர் பயப்படுகிறார் என்று நினைக்க அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை தள்ளினாள். கீழே பைன் மரங்களுக்கு நடுவே அவர் விழுகிற சத்தம் ஈரத் துணியைக் கல்லில் போட்டதுபோல் கேட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி புரண்டு படுத்தான்.

திரையில் விழுந்தவர் பஸ் டெப்போவின் மேற்பார்வையாளர். அதாவது அவருடைய முகம்.

தம்பி அந்த டெப்போவில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன். போன வருடம் பதினேழாம் எண் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்து, ‘இந்த வண்டி வெளியே போகக் கூடாது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் காலை வண்டி போனது. பத்து மணிக்கு ஒரு வளைவில் சுவரில் மோதியது. பதினோரு பேருக்கு அடி. கண்டக்டருக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று. விசாரணையில் பதிவேட்டைப் பிரித்தார்கள். தம்பி எழுதிய பக்கம் அதில் இல்லை. ‘வண்டி சரிபார்க்கப்பட்டது’ என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பக்கம் இருந்தது. மெக்கானிக் சரி என்று சொன்னதால்தான் தான் கையெழுத்துப் போட்டதாக அவர் சொன்னார். மூன்று நாள் விசாரணையிலும் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒருமுறைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். பல் செட்டு செய்பவள் அவள். முகத்தைப் பார்ப்பதுதான் வேலை. பேசும்போது அவருடைய கீழ்த்தாடை இடது பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கும். ஈறு வீங்கிப்போய் முன்பற்கள் நீண்டு தெரிந்தன. இன்னும் ஒரு வருடம் தாங்காது என்று அப்போதே கணக்குப் போட்டாள்.

வேலை போன பிறகு தம்பி வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டான். முன்பு ஆசைப்பட்டு வாங்கி அலமாரியில் போட்டிருந்த அந்தக் கருவியை எடுத்தான். மலையும் காடும் கோட்டையும் உள்ள பெரிய நாடு ஒன்று அதற்குள் இருந்தது. அரக்கர்களைக் கொல்ல வேண்டும், ராணியைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அவனிடம் கெஞ்சினார்கள். அவன் எவர் பேச்சையும் கேட்காமல் சாம்பல் நிறக் குதிரை ஒன்றில் ஏறி நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் அவள் கேட்டபோது, பொத்தான்களைக் காட்டிக் கொடுத்தான்.

“இங்க யாரும் எதுலயும் கையெழுத்து போடச் சொல்லமாட்டாங்கக்கா” என்றான். விபத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். தம்பி தூங்கும் அந்த நாற்பது நிமிடத்தில் தனக்கென்று புதிதாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கினாள். ஆட்டம் முதலில் முகம் ஒன்றைச் செய்யச் சொன்னது. நெற்றி, புருவம், மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை நகர்த்தினால் முகம் மாறும். அழகான ஒரு பெண்ணைச் செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தாள். விரல் தானாகத் தாடைக்குப் போயிற்று. இடது பக்கம் கொஞ்சம் ஒதுக்கினாள். அவ்வளவுதான், அவர் வந்துவிட்டார். மீதி முகத்தைச் செய்ய மூன்று மதியங்கள் ஆயின. மெழுகில் பல் அடுக்கும்போது வருகிற பொறுமை அவளுக்கு வந்தது.

அதன்பின் அவரைக் கொன்றாள். மலையிலிருந்து, கோபுரத்திலிருந்து, பாலத்திலிருந்து. ஆயுதம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினாள். பனி ஏரியில் இறக்கி, மூச்சு தீர்ந்து கைகால் அடங்கும் வரை கண் எடுக்காமல் பார்த்தாள். ஒரு மதியம் ஏழு முறை கொன்றுவிட்டு, பதறாத கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிழவி ஒருத்திக்கு மேல்செட்டு செய்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் திரை இருண்டு, மீண்டும் வெளிச்சம் வரும். ஆட்டத்தில் கடைசியாக மூட்டிய நெருப்புப் பக்கத்தில் அவர் மறுபடி உயிரோடு நின்றுகொண்டிருப்பார். கீறல் இருக்காது. சட்டைகூட நலுங்கியிருக்காது. ஓநாயிடமிருந்து ஓடும்போது தவறுதலாக ஓர் ஓநாயைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டதற்காக ஊர்க்காரன் ஒருவன் வந்து, ‘நீங்கள் நல்லவர்’ என்று சொல்லிவிட்டுப் போனான். நிஜத்திலும் இப்படித்தானே. கண்டக்டருக்குக் கால் போயிற்று, தம்பிக்கு வேலை போயிற்று, இவர் அதே நாற்காலியில் அதே சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஒருநாள் தம்பி சீக்கிரம் எழுந்துவிட்டான். தண்ணீர் குடிக்க வந்தவன் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். டம்ளர் கையில் அப்படியே நின்றது.

“யாருக்கா அது?”

அவள் திரையை மார்போடு சாய்த்து மறைத்தாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

“அந்த மூஞ்சி இல்லாத ஒரே எடம் அதுதான்க்கா எனக்கு” என்றான். குரல் உயரவே இல்லை. “அங்கயும் கூட்டிட்டு வந்துட்ட.”

“கொல்றேன்டா அவன. தெனம் கொல்றேன்.”

“கொன்னா? திரும்ப வர்றான்ல?”

கருவியை வாங்கி அணைத்து அலமாரியில் வைத்தான். அதன்பின் அதைத் தொடவில்லை. குதிரையும் இல்லாமல், மலையும் இல்லாமல், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கூப்பிட்டால் சாப்பிட வந்தான், கூப்பிடாவிட்டால் இல்லை. அவனுக்கு மிச்சமிருந்த ஒரே இடத்தையும் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குற்ற உணர்வை வைத்துக்கொள்ள அவளிடம் இடமில்லை. அதையும் சேர்த்து மேற்பார்வையாளர் தலையிலேயே கட்டினாள்.

பதினைந்து நாள் கழித்து அவருடைய வாய் அவள் மேசைக்கு வந்தது.

தினமும் வருவதுபோல், கீழ்த்தளத்தில் டாக்டர் எடுத்த வாய் அச்சுகள் ஒரு தட்டில் மாடிக்கு வந்தன. மேலும் கீழும் பல்லே இல்லாத ஒரு ஜோடியை எடுத்து, தாடைபோல் திறந்து மூடும் கருவியில் பொருத்தினாள். தாடையை மூடிப் பார்த்தாள். கீழ்த்தாடை இடது பக்கம் ஒதுங்கியது. கூட வந்த சீட்டில் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. பார்த்தாள். பெயர், வயது, தொழில். அவரேதான்.

அவ்வளவு நல்ல செட்டை அவள் அதற்கு முன் செய்ததில்லை. பற்களின் நிறம், வரிசை, உதட்டைத் தாங்கும் மேடு எல்லாம் கச்சிதம். கடைசியாகக் கீழ்செட்டின் உள்பக்கத்தில், ஈறின் மேல் உட்காரும் இடத்தில், மணல் அளவுக்கு ஒரு முள்ளைத் தேய்க்காமல் விட்டாள். இளஞ்சிவப்பில் இளஞ்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலால் அழுத்தித் தடவினால் மட்டும் தெரியும். டாக்டர் தடவமாட்டார். “அக்கா பார்த்தாச்சுன்னா நான் பார்க்கணுமா?” என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். மலையிலிருந்து விழுந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. இது ஒவ்வொரு வாய்க்கும் குத்தும். மூன்று வேளையும் குத்தும். செட்டோடு நோயாளி கைக்குப் போகும் சீட்டில் ‘உள்பக்கம் சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கீழே கையெழுத்திட்டாள். பேனாவை மூடும்போது மனதுக்குள் ஏதோ நெருடியது. என்னவென்று நின்று பார்க்கவில்லை.

அடுத்த நாட்களில் அவள் சாப்பிடும்போதெல்லாம் அவரை நினைத்தாள். இப்போது கடித்திருப்பார். இப்போது முகம் சுளித்திருப்பார். அவள் மெதுவாக, ருசித்து மென்றாள்.

ஒன்பதாம் நாள் காலை, டாக்டர் கீழே இருந்து குரல் கொடுத்தார். “அக்கா, ஒருத்தர மேல அனுப்புறேன். கீழ்செட்டு குத்துதாம். என்னன்னு பாருங்க.”

படியேறி வந்தவர் வாசலில் மூச்சு வாங்க நின்றார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். கீழ்ப்பற்கள் வாயில் இல்லை. தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கன்னம் உள்ளே போய், மோவாய் மேலே ஏறி, அவள் மூன்று மதியம் உட்கார்ந்து செய்த முகத்துக்கு அப்பாபோல் இருந்தார்.

“ஒண்ணும் மெல்ல முடியலம்மா. தண்ணி ஆகாரந்தான் ஒரு வாரமா” என்றார். சொற்கள் சறுக்கின. “வெள்ளிக்கிழமை எனக்கு ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன். பேசச் சொல்லியிருக்காங்க. எப்படியாச்சும் பார்த்துக் குடுங்க.”

செட்டை வாங்கிக்கொண்டாள். உள்பக்கம் லேசாக ரத்தக் கறை. இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். வரும் என்று நினைத்த சந்தோஷம் வந்தது. ஆனால் அந்தக் கறையைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை.

“பதினேழாம் நம்பர் வண்டி ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

அவர் கைக்குட்டை இறங்கியது. “நீங்க யாரு?”

“மெக்கானிக்கோட அக்கா. மூணு நாளும் உங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் உள்ளங்கையில் இருந்த பற்களைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் பதிவேடுகளோடு வாழ்ந்த மனிதர். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. சட்டைப்பையைத் துழாவி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார். கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“உள்பக்கம் சரிபார்க்கப்பட்டது” என்றார். “கீழ இருக்கிறது உன் கையெழுத்தா?”

“ஆமா.”

“சரிபார்த்தியா?”

இல்லை, தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. “பார்த்தேன். தெரிஞ்சேதான் போட்டேன்” என்றாள்.

“அப்ப என்னைக் கேக்க உனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நானும் தெரிஞ்சேதான் போட்டேன். வண்டி பத்தல. மேல இருந்து போன் மேல போன். ஒரு நாள் ஓடட்டும், மறுநாள் நிறுத்திடலாம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் உன் தம்பி எழுதுன அந்தப் பக்கத்த என்ன பண்றது, கிழிச்சேன்.” சீட்டை ஆட்டினார். “இத இப்பக் கீழ காட்டுனா, நாளைக்கு நீ இந்த மேசையில இருக்கமாட்ட.”

அவள் தேய்ப்பு இயந்திரத்தைப் போட்டாள். செட்டின் உள்பக்கத்தை அதில் காட்டினாள். ஒரு நொடிதான், முள் போயிற்று. மெருகேற்றி, கழுவி, விரலால் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கிண்ணத்தில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இனிமே குத்தாது. வாரத்துல புண்ணு ஆறிடும். வெள்ளிக்கிழமை நல்லாவே பேசலாம்.”

அவர் கையை நீட்டவில்லை.

அவள் மேசையிலிருந்த தாள்கட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத வாய்விட்டும் சொன்னாள். இந்தத் தேதியில், இந்த நோயாளிக்குச் செய்த கீழ்செட்டின் உள்பக்கத்தில், வலிக்க வேண்டும் என்று தெரிந்தே நான் ஒரு முள்ளை விட்டேன், தெரிந்தே சரி என்று கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்கு அது நாலு வரிதான் வந்தது. கீழே கையெழுத்திட்டுத் தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது என்னோடது. நீங்களே கொண்டுபோய் டாக்டர்கிட்ட குடுங்க, நான் தடுக்கல. இப்ப உங்களோடத எழுதுங்க.”

“எழுதலன்னா?”

“எழுதலன்னாலும் பல்லு உங்களோடதுதான். எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை நான் வருவேன். என் தம்பியையும் எழுப்பிக் கூட்டிட்டு வருவேன். மொத வரிசையில உக்காருவோம். நீங்க முப்பத்தஞ்சு வருஷத்தப் பத்தி என்னென்ன பேசுறீங்களோ, ஒரு வார்த்தை விடாம கேப்போம்.”

பேனாவை அவர் பக்கம் வைத்தாள். அவர் நின்றபடியே ஜன்னலைப் பார்த்தார். தெருவில் ஒரு பஸ் வேகம் குறைத்துத் திரும்பிப் போகும் சத்தம் வந்தது. பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார்.

கீழே இருந்து டாக்டர் கேட்டார். “அக்கா, முடிஞ்சிதா? அடுத்தவங்க நிக்கிறாங்க.”

பேனா முனை வெள்ளைத் தாளைத் தொட்டபடி நின்றது. தொட்ட இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. அவர் கையை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.