முள் ஏறும் நேரம்

மாற்றுக்கு வரவேண்டியவர் வரவில்லை. சப்ஸ்டேஷனில் இரவுப் பணியோடு காலைப் பணியையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்த லூர்துராஜுக்கு, போனில் சோலையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. லைன்மேன் சோலை வயலுக்கு நடுவே டவருக்கடியில் நின்றிருந்தான். மேலே கம்பி இணைப்பொன்று பழுத்துச் சிவந்திருந்தது.

"அண்ணே, எப்ப அறுந்து விழும்னு தெரியலை. நடவுக்காரங்களை வரப்புக்கு ஏத்திட்டேன். சட்டுனு லைனை அமத்துங்க."

"இரு மாப்ள, பாத்துட்டு வாரேன்."

சப்ஸ்டேஷன் யார்டில் இரவு மழையின் ஈரம் காயவில்லை. அந்த லைனின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் முன்னால் போய் நின்றார். அதைத் திறப்பது வீட்டு சுவிட்சை அணைப்பதுபோல் அல்ல. உள்ளே முனைகள் பிரிந்த பிறகும் மின்சாரம் விடாது; இடைவெளியில் நெருப்பாக நீண்டு ஓடும். நொடிக்கு நூறு முறை அது தானாகவே ஒன்றுமில்லாமல் போய்த் திரும்பும். அப்படிப் போகிற கணத்தில் கேஸ் பீய்ச்சியடித்து, மறுபடி பற்றவிடாமல் அதை அணைக்க வேண்டும். கேஸ் குறைந்திருந்தால் அணையாது. பிரேக்கரின் பீங்கான் கூடு வெடித்துச் சிதறும்.

கேஸ் மீட்டரின் முள் சிவப்பில் நின்றது.

பழைய மீட்டர். கேஸ் எவ்வளவு இருக்கிறதென்று அதற்குத் தெரியாது, எவ்வளவு அழுத்துகிறதென்று மட்டும் தெரியும். குளிரில் இறங்கும், வெயிலில் ஏறும். அங்கே எல்லோருமே மத்தியானம் டீ குடித்துவிட்டுத்தான் முள்ளைப் பார்க்கப் போவார்கள். எப்போதும் பச்சையில்தான் இருக்கும். இப்போது இறங்கியிருப்பது மழைக் குளிராலா, வெயில் இத்தனை நாள் மறைத்த கசிவாலா?

பொறியாளர் அஸ்வினிக்குப் போன் செய்தார்.

"மேடம், இதைத் திறக்க வேணாம். நமக்குக் கரண்ட் அனுப்புற மேல் ஸ்டேஷன்லயே நிப்பாட்டச் சொல்லுங்க."

"செல்லூர் முழுக்கப் போயிரும் சார். தறிக்காரங்க என்னையத்தான் வைவாங்க. நேத்து பச்சையிலதான இருந்துச்சு?"

"நேத்து வெயில் அடிச்சுச்சு மேடம்."

"அப்ப எது நெசம்?"

"தெரியலை. தெரியாம எப்படித் திறக்க?"

"சரி, சொல்றேன். யார் கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

சற்றைக்கெல்லாம் மேல் ஸ்டேஷனில் நிறுத்திவிட, யார்டின் இரைச்சல் நின்றது. உயிரற்ற பிரேக்கரை லூர்துராஜ் திறந்தார். ஸ்பிரிங் அதிர்ந்த சத்தம், அவ்வளவுதான். நெருப்பு வந்திருந்தால் அணைந்திருக்குமா என்பது இனித் தெரியப்போவதில்லை. லைனைத் தனியே பிரித்து, தரையோடு இணைத்து எர்த் போட்டுவிட்டு, சோலையை ஏறச் சொன்னார்.

"ஒத்தக் கம்பிக்கு ஊரையே அமத்திட்டீகளே அண்ணே. என் மச்சான் தறியும் அங்கதான் ஓடுது. இப்பவே வஞ்சுக்கிட்டிருப்பான்."

"வையட்டும். பெல்ட்டை மாட்டிட்டு ஏறு."

மேகம் விலகியிருந்தது. அறைக்குள் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர் போகவில்லை. மீட்டரின் ஈரக் கண்ணாடியில் வெயில் விழ, முள் மெல்ல நடுங்கி, சிவப்பை விட்டு நகர்ந்து, பச்சையின் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது.