இடுப்பில் வந்தவர்

சாப்பாட்டு மேசையை அந்தப் பலகை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது. தட்டு வைக்க இடமில்லை. ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அதற்கும், "எண்ணெய்க் கையைப் போட்டுடாதீங்க, தள்ளி உக்காருங்க" என்று பலகையைக் கொண்டுவந்தவரின் அதட்டல் வேறு.

பலகையில் ஒரு பெரிய மரம். அடிமரத்தில் தங்க எழுத்தில், இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த பாட்டனாரின் பெயர். அதற்கு மேலே கிளை கிளையாக, இலைக்கு ஒருவராக, வம்சம் மொத்தமும் காய்த்துத் தொங்கியது. அந்த வீட்டுக் கடைக்காரரின் தம்பியான பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு வருஷமாகத் துறைமுக ஆபீஸ், பழைய தோட்டத்து ஆபீஸ், தூரத்துச் சொந்தக்காரர் வீடு என்று அலைந்து சேர்த்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹால் பிடித்து, சொந்தபந்தம் எல்லாம் கூடி, அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

கடைக்காரர் மனைவி டெய்லரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். காலையிலிருந்து பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து இடுப்பு கழன்று போயிருந்தது. இருந்தாலும் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க பொண்ணு பேரு எங்க?"

"பொண்ணுங்க பேரு யாருதுமே போடல அண்ணி," என்றார் வாத்தியார். "அவங்க இன்னொரு வீட்டுக்குப் போறவங்க. அந்த வீட்டு மரத்துல வரும்."

"சரி. என் பேரு?"

"நீங்க வந்தவங்கல்ல அண்ணி."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறந்த வீட்டுல போறவ, புகுந்த வீட்டுல வந்தவ. இருக்கறவளா எப்பத்தான் இருக்கறது?"

கடைக்காரர் குறுக்கிட்டார். இரும்புச் சாமான் கடையில் நாள் முழுக்கக் கத்தி விற்கிற குரல், வீட்டில் அவ்வளவு வேண்டியதில்லை என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"இலையாவது கொம்பாவது! இங்க பாரு, ஞாயித்துக்கிழமை ஹாலுக்கு நீ வா. அவ வீட்டுலயே இருக்கட்டும்."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளுக்கு அது நன்றாகவே கேட்டது. குழாய்ச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு குழாய் முன்னைவிட வேகமாக ஓடியது.

அவள் ஒரு பையும் ஒரு பிள்ளையுமாக வந்து சேர்ந்து ஆறு மாதமாகிறது. கட்டினவன் கை நீட்டுகிறவன். முதலில் சுவரைப் பார்த்து நீட்டினான், பிறகு அவளைப் பார்த்து, கடைசியில் பிள்ளையைப் பார்த்தும் நீட்டினான். அன்றைக்கே கிளம்பிவிட்டாள். கடைக்காரர் கதவைத் திறக்காமல் இல்லை. பேத்தியைக் கொஞ்சாமலும் இல்லை. ஆனால் யாராவது கேட்டால், "லீவுக்கு வந்திருக்கா" என்பார். ஆறு மாதமாக நடக்கிற லீவு! தெருவில் இருக்கிறவர்களுக்கு என்ன, காதிலா பூ சுற்றியிருக்கிறது? பெண் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, காலையில் போய் மாலையில் வருவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

"அவ ஏன் வரக் கூடாது?" என்றாள் டெய்லரம்மா.

"வந்தா மாப்பிள்ளை எங்கன்னு கேப்பாங்க. மொத்தக்கடை அண்ணன் வர்றாரு, அவர் சம்சாரம் வர்றாங்க. அந்த அம்மா வாயில விழுந்தா எந்திரிக்க முடியுமா? வாழாவெட்டியைக் கூட்டத்துல நிறுத்தி வம்சப் பெருமை பேசறதா?"

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. ஆறு மாதமாகப் போட்ட சண்டை எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது. ஆனால் அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்றது.

"தம்பி, இந்தப் பாட்டனாரு எப்படி வந்தாருன்னு கேள்விப்பட்டீங்க?"

"கையில ஒரே ஒரு மூட்டையோட, தன்னந்தனியா வந்தாருன்னு எல்லாரும் சொல்றாங்களே அண்ணி. சின்ன வயசாம்."

"ரொம்பச் சின்ன வயசு. அவரு மூட்டையைத் தூக்கிட்டு வரல தம்பி. அவரேதான் மூட்டை. அவங்க அம்மா இடுப்புல வந்தவரு."

வாத்தியார் மெல்லுவதை நிறுத்தினார். "யார் சொன்னா?"

"உங்க அம்மாதான். படுக்கையில கெடந்தப்ப துணி மாத்திக் குளிப்பாட்டி விட்டது நான்தானே? பேச்சுக்கு வேற யாரு இருந்தா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே. வாசப்படியில நின்னு 'சாப்டியாம்மா'ன்னு கேப்பீங்க. அதுக்குத் தவறாம பதில் சொன்னாங்க."

பிறகு அவளே சொன்னாள். பாட்டனாரின் அம்மாவையும் அவள் புருஷன் போட்டு அடித்தவன்தான். ஒரு நாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்துவிட்டாள். புருஷன் எங்கே என்று கப்பலில் கேட்டதற்கு, பின்னால் வருகிறார் என்றாளாம். பின்னால் யாரும் வரவில்லை. இங்கே வந்து ஊரார் துணியைத் துவைத்துப் பிள்ளையை ஆளாக்கினாள்.

"பொய்!" என்று எழுந்தார் கடைக்காரர். "ஒரு வாழாவெட்டியா எங்க வம்சத்துக்கு வேரு?"

"அவ அங்கயே அடி வாங்கிட்டுக் கெடந்திருந்தா, நீங்க இங்க மேசையை அடைச்சு மரம் வரைஞ்சிருக்க முடியாது."

வாத்தியார் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பொய்யர் இல்லை, பாவம். உண்மையைக் கேட்டால் உறுத்துகிற மனுஷன்தான். அந்த உறுத்தலுக்கு எங்கே ஒட்டுப் போடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பலகை திரும்பி வந்தது. அடிமரத்துக்குக் கீழே புதிதாக ஒரு ஸ்டிக்கர்: 'கணவரை இழந்த நிலையில், கைக்குழந்தையுடன் கடல் கடந்த வீரத்தாய்.'

டெய்லரம்மா அதை இரண்டு தரம் படித்தாள். "அந்த மனுஷன் எப்ப தம்பி செத்தாரு?"

"அப்படிப் போட்டாத்தான் மரியாதையா இருக்கும் அண்ணி. அண்ணனும் அதான் சொன்னாரு."

"அவ பேரு?"

"பேரு யாருக்குத் தெரியும்? உங்களுக்காவது தெரியுமா?"

தெரியாது. மாமியாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை நினைத்தபோது டெய்லரம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

ஆனால் கடைக்காரர் அன்று மாலை ஒரு அதிசயம் செய்தார். தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "சரி, அவளும் வரட்டும். பிள்ளையையும் கூட்டிட்டு வரட்டும்" என்றார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கல்லும் கரையும் போலிருக்கிறதே! தைக்க வந்த துணியை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த மஞ்சள் துணியில் பேத்திக்கு ஒரு கவுன் தைத்தாள். மகள்தான் நம்பவில்லை. "அப்பாவா சொன்னாரு? நல்லாக் கேட்டியாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. வாத்தியார் மைக்கைப் பிடித்து வீரத்தாயைப் பற்றி உருகி உருகிப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மொத்தக்கடைக்காரர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலையில் பெயர் உள்ள ஆண்கள் எல்லாம் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் பந்திக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள்.

போட்டோ முடிந்து இறங்கிய கடைக்காரரை மொத்தக்கடைக்காரர் மனைவி மறித்தாள். பக்கத்தில் டெய்லரம்மாவும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகளும் நின்றார்கள்.

"என்ன தம்பி, பொண்ணு மட்டும் நிக்குது? மாப்பிள்ளை எங்க?"

கடைக்காரர் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை தவறிட்டாரு அண்ணி. ஆறு மாசம் ஆச்சு. திடீர்னு... யாருக்கும் சொல்லிவிடற நிலைமையில நாங்க இல்ல."

டெய்லரம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது. கல் கரைந்ததா? எங்கே! அந்த ஸ்டிக்கரைப் பெண்ணின் நெற்றியிலும் ஒட்டத்தான் கூட்டி வந்திருக்கிறார்.

"அடப் பாவமே! இந்த வயசுலயா!" அந்த அம்மாள் மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிஜமாகவே அழுதாள். "என் கண்ணு, நீ ஏண்டி ஒதுங்கி நிக்கற? நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்? உன்னையும் பிள்ளையையும் அப்படியே விட்டுடுவோமா? இனிமே நீ எங்க வீட்டுப் பொண்ணு."

கடைக்காரர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். இந்த ஹாலில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு, இரக்கம் உண்டு, நாலு பேர் துணை உண்டு.

மகள் பிள்ளையை மறுபக்கம் மாற்றித் தூக்கிக்கொண்டாள்.

"இல்ல பெரியம்மா. அவரு சாகல. நல்லாத்தான் இருக்காரு. என்னையும் பிள்ளையையும் அடிச்சாரு. நான் விட்டுட்டு வந்துட்டேன்."

அந்த அம்மாளின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றது. பிடித்த கையை மெல்ல விட்டாள். விட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடைக்காரரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயையோ," என்றாள். "உயிரோடவா இருக்கான்?"

கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். டெய்லரம்மா ஒரு அடி முன்னால் வந்து மகளின் பக்கத்தில் நின்றாள்.

"ஆமாக்கா," என்றாள். "எங்க பொண்ணும் உயிரோடதான் இருக்கா."