இசக்கிச்செல்வியின் ஆயில் குச்சி

இசக்கிச்செல்விக்குக் கோபம் வந்தால் அவள் குடியிருந்த வண்டியின் இஞ்சினில் ஆயில் ஏறும். கோபம் தணிந்தால் இறங்கும். தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் ஆவணியில் சடைச்சிபட்டிக்காரர்கள் இதை முதலில் கவனித்தார்கள். ஐப்பசிக்குள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செய்தி போய்விட்டது. அந்த வருஷம் உளுந்தில் விழுந்த புழுவைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அது வீட்டு வண்டி. எழுபத்தேழில் ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் நாட்டிலிருந்து தரைவழியாகவே கன்னியாகுமரி பார்க்கக் கிளம்பி வந்த வண்டி. உள்ளே மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் திரை. அப்போதே அது கிழட்டு வண்டி. கோவில்பட்டிக்கு வந்ததும் மூச்சை விட்டுவிட்டது. உதிரி பாகத்துக்காக ஒரு மாதம் காத்திருந்து பார்த்த அந்தத் தம்பதி, பட்டறையில் வேலை பார்த்த முத்துசெல்வத்துக்கே வண்டியை எழுதிக்கொடுத்துவிட்டு ரயிலேறிப் போனார்கள். அவன் கிடைக்காத பாகத்தையெல்லாம் லேத்தில் கடைந்து மூன்று வருஷத்தில் அதை ஓட வைத்தான். பிறகு இசக்கிச்செல்வியைக் கட்டினான். திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் அவளை அதில்தான் கூட்டிப் போனான். ஓட்டக் கற்றுக்கொடுத்தான், ஆயில் பார்க்கவும் கற்றுக்கொடுத்தான். இஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். குச்சியை உருவித் துடைத்து, முழுக்க உள்ளே விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். குச்சியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் இஞ்சின் இறுகிப்போகும், மேல்கோட்டைத் தாண்டினால் புகை கக்கி சீல் பிய்ந்துவிடும்.

முத்துசெல்வம் தன் உழைப்பில் ஒரு வீடும் கட்டினான். இடம் அப்பா பேரில் இருந்தது, அதனால் வீடும், அவர் காலமான பிறகும்கூட, அப்பா பேரிலேயே இருந்துவிட்டது. தொண்ணூற்று நாலில் ஜாக்கி நழுவி லாரி அவன்மேல் இறங்கியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும் முன்பே, தம்பி கடற்கரை அண்ணியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். வீட்டை அப்பாதான் கட்டினார், அண்ணன் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தான். பிள்ளை இல்லாதவளுக்குப் பங்கு எதற்கு என்றும் கேட்டான். இசக்கிச்செல்வி பெட்டியோடு போய், வீட்டுக்குப் பின்னால் கரிசல் தரிசில் நின்ற வண்டிக்குள் ஏறிக்கொண்டாள். தரிசும் என்னுடையதுதான், அதில் நிற்பதும் என்னுடையதுதான் என்று கடற்கரை ஊர்க்கூட்டத்தைக் கூட்டினான். கூட்டத்தில் உட்கார்ந்த ஐந்து பெரிய மனிதர்களில் மூன்று பேர் முத்துசெல்வத்தோடு நின்று அந்த வீட்டுக்குச் சாந்துச் சட்டி தூக்கியவர்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! திறக்கவில்லை. வெற்றிலை போட மட்டும் திறந்தார்கள். கடைசியில் தலைவர் அழகிரிசாமி தீர்ப்புச் சொன்னார். ஓடினால் அது வண்டி, அவளுடையது. ஓடாவிட்டால் கட்டடம், நிலத்துக்காரனுடையது. வருஷத்துக்கு ஒருமுறை, கார்த்திகை கடைசி ஞாயிறு, ஊர் பார்க்க மெயின் ரோட்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்ப வேண்டும். இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது.

கடையில் வாங்கி ஊற்றிய ஆயில் அந்த இஞ்சினில் நிற்கவில்லை. காலையில் ஊற்றினால் மாலையில் இல்லை; தரையில் ஒரு சொட்டுக் கறையும் இல்லை. முத்துசெல்வத்தின் பட்டறைக் கூட்டாளி கொம்பையா கோவில்பட்டியிலிருந்து வந்து வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார். ஒழுகல் எதுவும் தென்படவில்லை. அவர் அங்கே கிடக்கும்போதே, கடற்கரை மாடி எடுக்கிறான் என்று யாரோ சொல்ல, இசக்கிச்செல்வி கையிலிருந்த கரண்டியை எறிந்து ஒரு கத்துக் கத்தினாள். இஞ்சினுக்குள் களுக்கென்று சத்தம் கேட்டது. கொம்பையா எழுந்து குச்சியை உருவினார். புது ஆயில், தேன் நிறம், இரண்டு கோட்டுக்கும் சரிபாதியில் நின்றது.

"வாங்குத ஆயில் இதுக்கு ஒத்துக்கிடாது தங்கச்சி. உனக்குள்ள விளையுததுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதிலிருந்து கோபத்தை இரண்டு கோட்டுக்கு நடுவில் வைத்திருப்பது அவள் அன்றாட வேலையானது. காலையில் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்திப் பொறுத்து, குச்சியைப் பார்ப்பாள். குறைந்திருந்தால் வீட்டின் புதுச் சுண்ணாம்பையோ, மாடிக் கொடியில் காயும் கடற்கரையின் வேட்டியையோ உற்றுப் பார்ப்பாள். அதுவும் போதாத நாளில் அவள் சிநேகிதி காளீஸ்வரி வருவாள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வழியில் ஜன்னலைத் தட்டி, "ஏட்டி, உன் கொழுந்தன் உன் வீட்டுக்காரர் போட்டோவைக் கழட்டிட்டு அங்கன கடிகாரம் மாட்டியிருக்கான், போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். எந்தச் சேதிக்கு எவ்வளவு ஏறும் என்பது காளீஸ்வரிக்கு அத்துப்படி. தொண்ணூற்றெட்டில் ரேஷன் கார்டிலிருந்து இசக்கிச்செல்வி பேரை எடுத்த அன்று ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. அன்று கொம்பையாதான் வந்து அடி போல்ட்டைத் திறந்து கூடிப்போனதை வடித்துவிட்டார். இப்படியே ஆறு கார்த்திகை வண்டி ஓடிவிட்டது, ஏழாவது வரப்போகிறது. கடற்கரையின் பெண்டாட்டி ஊர்க் கிணற்றடியில் இதைச் சொல்லிப் புலம்பினாள்.

இரண்டாயிரத்தொன்றில் கடற்கரைக்குப் புத்தி வேலை செய்தது. ஐப்பசி பிறந்ததும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு வண்டி வாசலில் வந்து நின்றான். "மதினி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். ஏழு வருஷமாக ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. ஊரே அவளைக் கோபப்படுத்துவதில் மும்முரமாக இருந்ததே தவிர, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லை. மறுநாள் மழைக்கு ஒழுகிய கூரைக்குத் தார்ப்பாய் கொண்டுவந்து அவனே ஏறிக் கட்டினான். அதற்கடுத்த நாள் கறிக்குழம்பு வந்தது. படுபாவி, அவளுடைய தனிமையை எடை போட்டு வைத்திருந்தான். அவளும் மனுஷிதானே, இளகிவிட்டாள். போனால் போகிறது, சின்னவன்தானே என்று காளீஸ்வரியிடம் சொல்லும் அளவுக்குப் போய்விட்டாள்.

ஆயில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் தினமும் குச்சி மேல்கோட்டிலேயே நின்றது. அது நின்றதால் காளீஸ்வரியும் சேதி கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். கரிசலில் பிறந்து கரிசலில் வளர்ந்தவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி நினைவு வராமல் போனதை என்ன சொல்ல! அந்த வருஷம் என்றுமில்லாமல் கொட்டிய ஐப்பசி மழையில் கரிசல் குடித்து உப்பி, வண்டியின் இடது பக்கத்தை ஒரு சாணுக்குத் தூக்கிவிட்டிருந்தது. தட்டில் தண்ணீர் ஒருபக்கம் ஒதுங்குவதுபோல, அடியில் கிடந்த கொஞ்சநஞ்ச ஆயில் குச்சி இறங்கும் பக்கமாக ஒதுங்கி நின்று நிறைவு காட்டியது.

கார்த்திகை கடைசி ஞாயிறு காலையில் கொம்பையா வந்தார். வண்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. ஒரு தம்ளர் தண்ணீரை அடுப்பு மேடையில் வைத்தார். தண்ணீர் சாய்ந்து நின்றது. ஜாக்கி வைத்துப் பலகை கொடுத்து வண்டியை நிமிர்த்தி, குச்சியை விட்டு எடுத்தார். ஈரமே இல்லை. ஊர் கூடிவிட்டது, அழகிரிசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காரர்கள் அவசர அவசரமாக அவளை ஏச ஆரம்பித்தார்கள். மலடி என்றார்கள், வீடு காக்கத் தெரியாதவள் என்றார்கள். காளீஸ்வரி அழுதுகொண்டே ஏசினாள். ஒரு சொட்டு ஏறவில்லை. அவர்கள் ஏசுவது தனக்காகத்தான் என்று தெரிந்த பிறகு எப்படிக் கோபம் வரும்? இசக்கிச்செல்வி படியில் உட்கார்ந்து அவர்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரைக்கு மனசு நிறைந்துவிட்டது. ஜெயித்தவனுக்கு வருமே ஒரு தாராளம், அது அவனுக்கும் வந்தது. எல்லாரும் கேட்கும்படியாக அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"விடுங்க மதினி. வண்டி போனா போகுது. வீட்டுல ஒரு மூலையில பாய விரிச்சுக்கிடுங்க, யாரு கேக்கப்போறா? அண்ணன் கட்டுன வீடுதானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சூடம் அடித்துச் சத்தியம் செய்த வாய் அது. இசக்கிச்செல்வி எழுந்து நின்றாள். அப்படியென்றால் இவனுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய மனிதர்களுக்கும் தெரியும். இஞ்சினுக்குள் குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. கொம்பையா குச்சியைத் தொடுவதற்கு முன்பே அது தானாக ஒரு விரற்கடை எழும்பி நின்றது.

"கூடிப்போச்சு தங்கச்சி! வடிச்சுட்டு எடு!" என்று கத்தினார்.

"வடிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லி அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரே திருகலில் வண்டி உறுமியது. நீலப் புகையில் ஊர் மறைந்தது. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சீல் பிய்யவில்லை. பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தவள் தரிசுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வீட்டு வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், முன்முற்றத்து சிமெண்டுத் தளத்தில் நிறுத்தினாள். வாசல்படிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும்.

"இங்கன எதுக்கு மதினி நிறுத்துதீங்க?" என்று கடற்கரை ஓடிவந்தான்.

"ஏலே, ஆயில் பாக்கணும். சமதளம் வேணும். இந்த ஊருல இது ஒண்ணுதான் சமதளம். அவிய இந்த வண்டிக்குன்னே ரசமட்டம் வச்சுப் போட்ட தளம்லா. உனக்குத் தெரியுமே, நீதானே அன்னைக்குத் தண்ணி தெளிச்ச."

ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு குச்சியை உருவித் துடைத்து, விட்டு எடுத்து, அழகிரிசாமியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேல்கோட்டைத் தாண்டி நின்ற ஆயிலைப் பார்த்தார். வண்டி ஓடிவிட்டது என்றும், அது எங்கே நிற்க வேண்டும் என்று ஊர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை என்றும் சொல்லிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். சாந்துச் சட்டி தூக்கிய மூவரும் தரையைப் பார்த்தபடி அவர் பின்னால் போனார்கள்.

வண்டி இன்றைக்கும் அந்த முற்றத்தில்தான் நிற்கிறது. கடற்கரை வீட்டார் பக்கவாட்டில் ஒருக்களித்துப் போய் வரப் பழகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மருமகளையும் ஒருக்களிக்க வைத்துத்தான் ஆரத்தி எடுத்தார்கள். கடற்கரையின் பெண்டாட்டி சில காலை நேரங்களில் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல மனுஷிதான். இசக்கிச்செல்வி வாங்கிக் குடிப்பாள். குச்சியில் ஒரு நூல் இறங்கும். கொஞ்ச நேரத்தில் கடற்கரை பல் விளக்க வாசலுக்கு வருவான். ஏறிவிடும்.