பேய்க்குக் குளிராது

தங்கையின் படத்தைத் திரைப்பட விழாக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். பதில் நாலே வரி. "இது பேய்ப்படம். ஸ்லாஷர் பிரிவில் சேராது. ஆட்சேபம் இருந்தால் திங்கள் நண்பகலுக்குள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும். படத்தில் எந்த மாற்றமும் ஏற்கப்படாது." பேய்ப்படப் பிரிவில் இடம் போன மாதமே நிரம்பிவிட்டது. ஆக, இந்தப் பிரிவில் நுழைந்தால்தான் படம் ஒரு தியேட்டரைப் பார்க்கும். இல்லையென்றால் அவளுடைய நான்கு வருஷ உழைப்பு கணினிப் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

ஞாயிறு காலை, அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் குடிநீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள். எந்தக் கடிதம் மேசை தாண்டும், எது கூடையில் விழும் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

"நறுக்குன்னு எழுதிக் குடு அக்கா. மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கணும்."

"அறையறது இருக்கட்டும். ஸ்லாஷர்னா என்னன்னு முதல்ல சொல்லு."

"அதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே திகில் உன் சமையல்தான்."

சார்ஜரோடு பின்னால் வந்த அவள் கணவர் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார். ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் மெக்கானிக். படத்தில் கொலைகாரர் அவர்தான். பதினோரு நாள் அதே ஃபேக்டரியின் ஃப்ரீசர் அறைக்குள் நின்று நடிக்க வேறு எவன் சம்மதிப்பான்?

தங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு கும்பல். ஒரே இடத்துல மாட்டிக்குவாங்க. ஒருத்தன் ஒவ்வொருத்தரா தீர்த்துக்கட்டுவான்."

"துப்பாக்கியில சுட்டா?"

"ஐயோ, கூடாது. கிட்ட வந்து கையால செய்யணும். கத்தி, கோடாலி, நம்ம படத்துல ஐஸ் உடைக்கிற குத்தூசி. அவனுக்குப் பழைய கணக்கு ஒண்ணு தீர்க்க வேண்டியிருக்கும். கடைசியில ஒருத்தி மிஞ்சுவா. யாரும் வந்து காப்பாத்த மாட்டாங்க, அவளே தப்பிக்கணும்."

"கொன்னவன் ஆளா, ஆவியா?"

"சில படத்துல செத்தவனே எழுந்து வருவான், அதையும் சேர்த்துக்குவாங்க. ஆனா இந்த விழாவுல கறார். மனுஷனாத்தான் இருக்கணும்னு விதியிலேயே போட்டிருக்காங்க."

அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே படத்தின் நிமிடத்தையும் நொடியையும் எழுதுவதாக முடிவு செய்தேன். சான்று இல்லாத கடிதம் வெறும் புலம்பல். முகத்தில் வெல்டிங் கவசம் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆறு பேரைக் குத்திச் சாய்ப்பதைக் காலை வெயிலில் பார்த்தேன். விபத்தில் செத்த தம்பிக்காகப் பழிவாங்குகிறார். நியாயமான மனுஷர்தான்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் லாரியில் ஐஸ் ஏற்றும் பெண் அவரை ஃப்ரீசர் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுகிறாள். திரும்பினால், நடைபாதைக் கோடியில் நிற்கிறார்.

"நிறுத்து. எப்படி வெளிய வந்தாரு?"

"பின்கதவு வழியா."

"எந்தப் பின்கதவு?"

"எல்லா ஃப்ரீசர் ரூமுக்கும் இருக்கும் அக்கா," என்றார் மாப்பிள்ளை. "உள்ள மாட்டிக்கிட்டா வெளிய வரணும்ல? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எந்தப் புள்ளைக்கு? ஐஸ் ஃபேக்டரியிலேயே பொறந்த புள்ளைக்கா?"

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பதினோரு நாளும் டீ குடிக்க அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்திருக்கிறார்கள். அது அவர்களுக்கு வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒரு கதவு இருப்பதைப் பார்க்கிறவனுக்குக் காட்ட வேண்டும் என்று படக்குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்ப அவங்க பேய்னு சொன்னது தப்பே இல்ல," என்றேன்.

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ யார் பக்கம்?"

"உன் பக்கம்தான். அதனாலதான் சொல்றேன். முதல்லேர்ந்து போடு. அந்தக் கதவு எங்கயாவது தெரியுதான்னு பார்ப்போம்."

இரண்டு முறை ஓட்டினோம். பதினான்காவது நிமிடத்தில், ஒருவர் தோளுக்குப் பின்னால், ஒரு நொடி, கதவின் பாதி. இருட்டாக இருந்தது. அதை மட்டும் நம்பி நான் எழுதமாட்டேன். மறுபடி ஐம்பத்து மூன்றாவது நிமிடத்துக்கு வந்து, அவர் நடைபாதையில் நிற்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

"அதை அப்படி நோண்டாதே அக்கா, மானம் போகுது," என்றாள் தங்கை. "நடுங்காதீங்க நடுங்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வேற டேக் இல்லாம இதை வச்சேன். கொலைகாரன் வெடவெடன்னு நடுங்குவானா?"

"மைனஸ் பதினெட்டுல நீ நின்னு பாரு, தெரியும்," என்றார் மாப்பிள்ளை.

நான் திரையருகே குனிந்தேன். கை நடுங்குகிறது. கவசத்தின் கண்ணாடி மூச்சுக் காற்றில் வெளுத்து வெளுத்துத் தெளிகிறது. தோளில் பனித்தூள். ஓரத்தில் உருகி ஒரு சொட்டு விழுகிறது.

"மாப்பிள்ளை, நீங்க நல்லா நடுங்கினீங்க," என்றேன். "பேய்க்குக் குளிராது."

எழுத ஆரம்பித்தேன். பொருள்: கொலைகாரன் மனிதனே என்பது பற்றி. முதல் பத்தியை முடித்ததும் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"'பின்கதவைத் தெளிவாகக் காட்டாதது இயக்குநரின் பிழை'ன்னு எழுதியிருக்கே! அதை அடி."

"அடிக்கமாட்டேன்."

"நம்ம தப்பை நாமளே சொன்னா அவங்களுக்குக் கொண்டாட்டமா போயிடும்."

"ஓட்டை எங்கன்னு அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நாம மறைச்சோம்னா மத்த எதையும் நம்பமாட்டாங்க. தினமும் நாப்பது கடிதம் படிக்கிறேன், என்னை நம்பு. இல்ல, நீயே எழுதிக்க."

தங்கை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் பக்கத்தை எழுதி முடித்ததும் வந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். 'அடி' என்று மறுபடி சொல்லவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. நடுவர்கள் மூவரில் இருவர் ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தைத் திரும்பப் பார்த்து ஒப்புக்கொண்டார்களாம். படம் ஸ்லாஷர் பிரிவில் சேர்க்கப்படுகிறது, சனிக்கிழமை பகல் பதினோரு மணிக் காட்சி. மூன்றாமவர் ஒப்பவில்லை. காட்சி முடிந்ததும் மேடையில் இயக்குநரிடம் நேரிலேயே கேட்பாராம்.

தங்கை போனில் இதைப் படித்துக் காட்டிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மேடைக்கு மாப்பிள்ளையை அனுப்பேன், பேச்சில கெட்டிக்காரர்," என்றேன், ஆழம் பார்க்க.

"எதுக்கு? கதவைக் காட்டாதது நான். நானே ஏறி முதல் வரியில அதைச் சொல்லிடுறேன். அப்புறம் அவரு கேக்கட்டும், ஒவ்வொண்ணா பதில் சொல்றேன். நிமிஷம், நொடியோட."

"மைக்கு முன்னாடி நடுங்கினா?"

"நடுங்கட்டும்," என்றாள். "போனை வை. எனக்கு வேலை இருக்கு."